குழந்தைகளின் இருதயம் காத்திராது

கொரோனாத் தொற்றினால் மாண்டவர்களின் தொகையைக் கணக்கிட உலகத்துச் சர்க்கார்கள் யாவும் முயன்றன. அந்நோய் தம்மைத் தீண்டாமலே, அதன் நிமித்தம் மடிந்த சிசுக்களைக் கணக்கிட முயன்றவர்கள் மிகச் சிலரே. பிறவியிலேயே இருதயக் கோளாறுடன் தோன்றிய ஏழைக் குழந்தைகளைப் பற்றியே இங்கு பேசுகிறோம். 2020-ஆம் வருஷத்தில் அவர்களுக்கு நேர்ந்ததைத் தேசத்தின் நன்மையை நாடுவோர் மறந்துவிடலாகாது.

பிறக்கும் நூறு சிசுக்களில் ஏறக்குறைய ஒன்று இருதயக் கோளாறுடன் பிறக்கிறது. நமது தேசத்தில் இத்தகைய சிசுக்கள் வருஷந்தோறும் இரண்டு லட்சத்துக்கு மேல் பிறப்பதாக வைத்தியர்கள் மதிப்பிடுகின்றனர். இவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் பிராயத்துக்குள்ளாகவே சிகிச்சை வேண்டும். இது தீராத வியாதியுமன்று. 1944-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், உடல் நீலம் பாரித்த ஒரு குழந்தைக்குச் செய்த சஸ்திர சிகிச்சை ஒரு புதிய வழியைத் திறந்தது. இன்று இக்கோளாறுகளில் பெரும்பாலானவற்றைச் சீர்ப்படுத்தலாம். வித்தை இருக்கிறது, அதற்குக் கொடுக்கப் பணந்தான் ஏழையிடம் இல்லை. அக்குறையை நீக்கவே தர்ம ஆஸ்பத்திரிகள் எழுந்தன. சத்தீஸ்கரில் நவா ராய்ப்பூரில் 2012-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சத்ய சாயி சஞ்சீவனி ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு ஒரு காசும் வாங்குவதில்லை. இத்தாலியரான ஜீனோ ஸ்ட்ராடாவின் ஸ்தாபனம் 2007-இல் சூடானின் கார்ட்டூமில் திறந்த சலாம் ஆஸ்பத்திரியும் இத்தகையதே.

2020 மார்ச்சு 11-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் இத்தொற்றை உலகப் பெருந்தொற்று என்று பிரகடனம் செய்தது. மார்ச்சு 25 முதல் நமது தேசம் முழுவதும் ஊரடங்கு அமுலாயிற்று. ரயில்கள் நின்றன, பஸ்கள் நின்றன, இரத்த தான முகாம்கள் கலைந்தன. பல ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் தொற்று நோயாளருக்கென்று ஒதுக்கப்பட்டன. நமது நாட்டின் 24 குழந்தை இருதய சிகிச்சை மையங்களின் கணக்கை வைத்தியர்கள் திரட்டி வெளியிட்டிருக்கின்றனர். 2019 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலான காலத்தோடு 2020-இன் அதே மாதங்களை ஒப்பிட்டால், சஸ்திர சிகிச்சைகள் நூற்றுக்கு 73 வீதம் குறைந்தன. ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளில் இறந்தவர் வீதம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தது எட்டுக்கு உயர்ந்தது. ஏனென்று ஊகிப்பது கடினமன்று. நோய் முற்றி வேறு வழியில்லாதபோதே பெற்றோர் எப்படியோ வாகனம் தேடி வந்து சேர்ந்தனர். வந்து சேராதவர்களின் கதி எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

“அவசரமில்லாத சிகிச்சைகளை ஒத்திவையுங்கள்” என்பது அன்றைய உத்தரவு. கண்புரைக்கும் குடலிறக்கத்துக்கும் அது பொருந்தலாம். சிசுவின் இருதயத்துக்குப் பொருந்துமா? பெரிய இரத்தக் குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்குள் சிகிச்சை நடவாவிட்டால், அதன் இடது இருதய அறை வலுவிழந்து போகும். அறைகளுக்கிடையே பெரிய துவாரமுள்ள குழந்தையை நெடுங்காலம் காக்க வைத்தால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்துக் கெட்டுவிடும். அதன்பின் துவாரத்தை மூடுவதே ஆபத்தாகும். குணமாகக்கூடிய குழந்தை, குணமாக்க முடியாத குழந்தையாகிவிடுகிறது. ஆகவே ஒத்திவைப்பு என்பது பல சிசுக்களுக்கு மறுப்பேயாகும்.

இனி, நமது தேசத்துக்கு மட்டுமன்றி ஏழை நாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பாடம் உண்டு. ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் பல நாடுகள், செல்வ நாடுகளிலிருந்து விமானமேறி வந்து, ஒன்றிரண்டு வாரம் தங்கிச் சிகிச்சை செய்து திரும்பும் வைத்தியக் குழுக்களையே நம்பியிருந்தன. அக்குழுக்களின் தொண்டு மெச்சத்தக்கது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எல்லைகள் மூடப்பட்டபோது அவர்கள் வருவது எங்ஙனம்? பிற தேசங்களின் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்ய 1995-இல் இஸ்ரேலில் தோன்றிய ஸ்தாபனம் போன்றவற்றுக்கும், குழந்தைகள் கடல் கடந்து போவதெங்ஙனம்? இரவல் வாங்கிய விளக்கு, கொடுத்தவன் கதவைச் சாத்தியதும் நம் வீட்டை இருளில் விட்டது. எங்கே உள்ளூர் வைத்தியர்கள், தாதிமார்கள், இருதய இயந்திரத்தை இயக்குவோர் பயிற்சி பெற்றிருந்தனரோ, அங்கேதான் சிறிதளவேனும் வேலை நடைபெற முடிந்தது. சுதேசியம் கைத்தறித் துணியோடு முடிந்துவிடும் விரதமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் அண்டை மாநிலமாகிய கேரளம் 2017-இல் ‘ஹிருத்யம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இருதயக் கோளாறுள்ள ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அதில் பதிவாகிறது. நோயின் அவசரத்துக்கேற்ப முறை வகுத்து, சர்க்கார் செலவில் சிகிச்சை செய்விக்கின்றனர். பெயர் ஏட்டில் இருந்தால்தான் அக்குழந்தையை ஆபத்துக் காலத்தில் தேடிப்பிடிக்க முடியும். ஊரடங்கின் நடுவே, 2020 ஏப்ரலில், நாகர்கோவிலில் பிறந்த ஒரு சிசு ஆம்புலன்ஸில் கொச்சிக்குக் கொண்டுபோகப்பட்டது. மனமிருந்தால் மூடிய எல்லையும் திறக்கும்.

ஆகையால் நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, இனி எத்தகைய தொற்று வந்தாலும், குழந்தை இருதய சிகிச்சையை ஒத்திவைக்கத்தக்கவற்றின் ஜாபிதாவில் சேர்க்கலாகாது; எது காக்கும், எது காக்காது என்பதை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். இரண்டாவது, அவ்வைத்தியத்துக்கென்று படுக்கைகளும் இரத்தமும் வாகனமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இத்துறைக்கு வேண்டிய வைத்தியரையும் தாதிமாரையும் போதிய தொகையில் பயிற்றுவிக்க வேண்டும்.

சட்டசபைகளில் அமர்ந்திருப்போரும், ஊர்தோறும் பொதுப்பணி புரியும் நம் நண்பர்களும் இதனை வெறும் வைத்தியர் விவகாரமென்று தள்ளிவிடாதிருப்பார்களாக. ஓட்டில்லாத, வாய் திறந்து முறையிட இயலாத பிரஜைகள் இவர்கள். இவர்களுக்காகப் பேச வேண்டியது நமது கடமையே.