கானகக் காளானை அறியுமாறு

ஐரோப்பாக் கண்டத்தின் ஓக், பீச் மரக்காடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள இலையுதிர்காலமே காளானுக்குரிய பருவமாகும். மழையில் நனைந்த சருகுகளினிடையே பலநிறக் குடைகள் விரிந்து நிற்கும். அக்காலத்தே கூடையேந்திக் காடு புகுந்து காளான் சேர்ப்பது அந்நாட்டார் பலர்க்கும் பழைய வழக்கம். அக்கூடையில் உணவும் வரலாம், நஞ்சும் வரலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் வகையை ஒரு காளானைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கிலேயர் 'மரணத்தொப்பி' எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் காளானே அது. ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தி 1740-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வியன்னா நகரில் காளானுணவு உண்டபின் நோயுற்று மாண்டார். அவர் உண்டது இக்காளானே என்று பலர் கருதுவர். இதன் நஞ்சு வேகவைப்பதாலும் உலர்த்துவதாலும் அழிவதில்லை. உண்டபின் 6 முதல் 24 மணி நேரம் வரை யாதொரு துன்பமும் தோன்றாது. பின்னர் வாந்தியும் பேதியும் கண்டு, சற்றே தணிந்து, நோய் நீங்கியதுபோற் காட்டும். அவ்வேளையிலேயே ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

நஞ்சுக்காளான் வெள்ளிக் கரண்டியைக் கறுக்கச் செய்யும் என்பர் சிலர். நத்தையும் புழுவும் தின்றது மனிதர்க்கும் ஆகும் என்பர் வேறு சிலர். இவையெல்லாம் பொய்ச்சோதனைகளே. இவற்றை நம்பினோர் பலர் உயிரிழந்தனர்.

மெய்யான அடையாளங்கள் யாவை? மரணத்தொப்பியின் குடை பெரும்பாலும் வெளிறிய பசுமஞ்சள் நிறமுடையது. குடையின் அடிப்புறத்து இதழ்கள் வெண்மையானவை. தண்டின் மேற்பகுதியில் வளையம் ஒன்று தொங்கும். அடியிலே பைபோன்ற உறை இருக்கும். எனினும், மழையால் நிறம் மங்கலாம். வளையம் உதிர்ந்து போகலாம். உறையோ மண்ணுள் மறைந்திருப்பது. தண்டை ஒடித்துப் பறிப்பவர் தலையாய அடையாளத்தை மண்ணிலேயே விட்டு வருகின்றனர். ஆதலின் கத்தியால் அடிமண்ணைத் தோண்டிக் காளானை முழுதாக எடுத்தல் வேண்டும்.

உறையொன்றே போதிய சான்றாகுமோ எனின், ஆகாது. கீழ்நாடுகளில் வைக்கோலில் விளையும் உணவுக்காளானுக்கும் அடியுறை உண்டு. ஆசியாவினின்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியோருட் சிலர், அதுவெனக் கருதி மரணத்தொப்பியை உண்டு இறந்தனர். ஆகவே வித்துத்துகளின் நிறத்தையும் நோக்குதல் வேண்டும். குடையை வெட்டி, இதழ்ப்புறம் கீழாகத் தாளின்மீது வைத்து, ஓரிரவு மூடிவைத்தால் துகள் உதிர்ந்து படியும். வைக்கோற்காளானின் துகள் இளஞ்சிவப்பு. புல்வெளியில் விளையும் உணவுக்காளானின் துகள் கரும்பழுப்பு. மரணத்தொப்பியின் துகள் வெண்மை. வெண்மை காணாதொழிய ஒரு பாதி கருந்தாளும் ஒரு பாதி வெண்டாளுமாக இடுதல் நலம். வெண்துகளுடைய உணவுக்காளான்களும் உளவாதலின், எல்லாக் குறிகளையும் ஒருங்கு வைத்தே துணிதல் வேண்டும்.

இளங்காளான் முட்டைபோல் உருண்டு கிடக்கும். அதனை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே குடையும் தண்டும் கோட்டுருவாய்த் தோன்றும். உண்ணத்தகும் உருண்டைக் காளானோ உள்ளெங்கும் ஒரேபடி வெண்மையாயிருக்கும்.

இவற்றையெல்லாம் நூலிற் கற்பதோடமையாது, அறிந்தாரொடு காட்டிற் சென்று கண்டு பழகுவோமாக. ஓர் ஐயம் எஞ்சினும், அக்காளானைக் கண்டு மகிழ்வதோடு நின்று, உண்ணாது விடுவோமாக.