காத்மாண்டு விமானத்தில் இடப்பக்கமா, வலப்பக்கமா?

திவ்யதேசப் பட்டியலில் சாளக்கிராமம் என்று வரும் முக்திநாத்துக்கு நம்ம ஊர்க்காரர்கள் பலர் டெல்லி, காத்மாண்டு வழியாகப் போகிறார்கள். டெல்லி–காத்மாண்டு விமானத்தில் 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்களை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அந்த யோகம். இன்னொரு பக்கம் சமவெளியும் புழுதி மூட்டமும்தான். ஜன்னல் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டுகிறவர்கள்கூட இதை யோசிப்பதில்லை.

மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

முதலில் திசை. டெல்லிக்குக் கிழக்கே, கொஞ்சம் தெற்கே தள்ளி, சுமார் 800 கி.மீ. தூரத்தில் காத்மாண்டு. கிழக்கே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு, இமயமலையும் அங்கேதான். எனவே போகும்போது இடப்பக்கம், அதாவது 'ஏ' சீட். திரும்பும்போது தலைகீழ்: மூன்று மூன்று சீட்டாக உள்ள விமானத்தில் 'எஃப்'.

அவ்வளவு தூரம் தெரியுமா? மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கி.மீ. என்று வரும். 10,000 மீட்டர் உயரத்தில் அது 357 கி.மீ. இந்த மலைகள் அதைவிட ரொம்பக் கிட்டே. மறைப்பது மேகம்தான். மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பரில் வானம் நன்றாகத் தெளிந்திருக்கும்.

இரண்டாவது சூரியன். காலையில் கிழக்கே பறக்கும்போது சூரியன் எதிரே இருக்கும். குளிர்காலத்தில் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இடப்பக்க ஜன்னலில் கண் கூசாது, வெயில் மலைமேல் விழும். வேறு வழித்தடத்துக்கும் இதே கணக்குதான். காலையில் சென்னையிலிருந்து டெல்லிக்கு, அதாவது வடக்கே போகிறீர்களா? வெயில் வலப்பக்கம் அடிக்கும்.

மூன்றாவது இறக்கை. நடு வரிசைகளில் உட்கார்ந்தால் கீழே பார்க்க இறக்கைதான் இருக்கும். பின்னால் போனால் என்ஜினின் சூடான புகைக்காற்றில் காட்சி கானல்போல நெளியும். போட்டோ எடுக்க இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசையே நல்லது. சில விமானங்களில் ஒன்றிரண்டு ஜன்னல் சீட்டில் ஜன்னலே இருக்காது. சீட் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாதி வழி தாண்டியதும் கவனிக்க ஆரம்பியுங்கள். முதலில் தவளகிரி (8,167 மீ.), அடுத்து அன்னபூர்ணா (8,091 மீ.), பிறகு மனஸ்லு (8,163 மீ.). முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. முக்திநாத்துக்குப் போகும் வழி அதுதான். எவரெஸ்ட் காத்மாண்டுவுக்கும் கிழக்கே இருப்பதால் இந்தப் பாதையில் அதை எதிர்பார்க்க வேண்டாம். இறங்கும்போது விமானம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வரும். மலை மூக்குக்கு நேரே போய்விடும், ஜன்னலில் இருக்காது. அதனால் கடைசி நிமிஷம் வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறவர்கள், சீட் எழுத்தையும் பார்த்துப் போடுங்கள். அவர்களில் பலருக்கு அந்த வழியில் அது ஒரே பயணமாக இருக்கலாம்.