மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பழுது கண்டறிதல்

கேரளத்தின் முக்கியத் தொழிற்பகுதிகளுள் ஒன்றான கஞ்சிக்கோடு, பாலக்காட்டுக் கணவாயின் வழியில் அமைந்துள்ளது. அருகிலுள்ள வாளையாறில் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. தெற்கே, இடுக்கி மாவட்டத்து மூணாறு, பீர்மேடு மலைகளில் தேயிலை ஆலைகள் இயங்குகின்றன. கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றைச் செலுத்துபவை மின்விசிறிகளே. சமவெளியாயினும் மலையாயினும் மோட்டாரின் வேகத்தை ஆள்வதற்கு இன்று பெரிதும் பயன்படுவது அலைவெண் மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவியாகும்.

இக்கருவி 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. ஏறத்தாழ 560 வோல்ட் அளவிலுள்ள அதனை மின்தேக்கிகள் சீராக்குகின்றன. பின்னர் குறைகடத்திச் சாவிகள் அதனை வேண்டிய அலைவெண்ணில் மீண்டும் மாறுமின்சாரமாக்கி மோட்டாருக்கு அளிக்கின்றன. மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பம் ஆகியவற்றுள் எது எல்லை மீறினாலும் கருவி தானே நின்று, ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டும்.

அக்குறியீடு நோயன்று, நோயின் அறிகுறியே ஆகும். 'மிகை மின்னோட்டம்' என்னும் குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். இயக்க ஆணை தந்தவுடன், மோட்டார் அசையுமுன்பே அது தோன்றினால், குறைகடத்திச் சாவியிலோ கேபிளிலோ குறுக்கிணைப்பு இருக்கக்கூடும். வேகமெடுக்கையில் தோன்றினால், வேகமேற்றும் நேரம் குறைவாக அமைக்கப்பட்டிருக்கலாம். அல்லது சுமை இறுகியிருக்கலாம். நெடுநேரம் ஓடிய பின் தோன்றினால், பேரிங்கையும் இயந்திரத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பதிவேட்டில் குறிப்பது குறியீட்டைக் குறிப்பதைப் போலவே முக்கியம். நம் ஆலைகள் பலவற்றில் இப்பழக்கம் இல்லை. ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். குறுக்கிணைப்பு உள்ள நிலையில் அவ்வாறு மீண்டும் மீண்டும் அழுத்துவது, சிறு பழுதைப் பெருஞ்செலவாக்கிவிடும்.

பெரிய விசிறியை விரைந்து நிறுத்த முயலும்போது 'மிகை மின்னழுத்தம்' தோன்றுவதுண்டு. சுழலும் விசிறி மோட்டாரை ஜெனரேட்டராக்கி, மின்சாரத்தைக் கருவிக்கே திருப்பி அனுப்புவதே காரணம். நிறுத்தும் நேரத்தை நீட்டினாலோ, தடை மின்தடையம் பொருத்தினாலோ இது தீரும். கருவியை மாற்ற வேண்டியதில்லை.

இடத்தின் தன்மையும் கணக்கில் கொள்ளத்தக்கது. பாலக்காட்டில் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தொடும். பல கருவிகளின் முழுத்திறனுக்கு உரிய சுற்றுவெப்ப எல்லையும் அதுவே; மூடிய அலமாரிக்குள் வெப்பம் இன்னும் மிகுதி. வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். மூணாறில் வெப்பம் இல்லை. ஆயினும் அந்நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மெலிந்த காற்று குளிர்விக்கும் ஆற்றல் குறைந்தது. எனவே 1,000 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் திறனைச் சுமார் ஒரு விழுக்காடு குறைத்துக் கணக்கிடுவது வழக்கம். பருவமழைக் காலத்து ஈரம் சுற்றுப்பலகைகளில் படிந்து மின்கசிவை உண்டாக்குவதும் உண்டு.

ஐயம் தீராதபோது, மோட்டாரின் கேபிளைக் கழற்றிவிட்டுக் கருவியை மட்டும் இயக்கிப் பார்க்கலாம். மிகை மின்னோட்டம் மீண்டும் தோன்றினால் பழுது கருவிக்குள். தோன்றாவிடில் கேபிளிலோ மோட்டாரிலோ தேட வேண்டும். காப்பு நிலையை மெக்கர் கொண்டு அளக்கும்போதும் கேபிள் கழற்றப்பட்டே இருத்தல் வேண்டும். இல்லையேல் அதன் உயர் மின்னழுத்தம் குறைகடத்திகளைச் சிதைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருந்து, மீட்டரால் அளந்து உறுதி செய்த பின்னரே உள்ளே கைவைக்க வேண்டும்.