காட்டின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பானை
மடகஸ்கார் தீவில் தரைவழியே ஒரு பயணம்

ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி, இந்து சமுத்திரத்தில் நீண்டு கிடக்கும் பெருந்தீவு மடகஸ்கார். பரப்பில் அது எமது இலங்கையைப் போல் ஒன்பது மடங்கு பெரியது. ஒரு காலத்தில் மடகஸ்காரும் இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. ஏறத்தாழ 8 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அத்தீவு தனித்துப் பிரிந்தது. அவ்வாறு பிரிந்து நின்றதனால் வேறெங்கும் காணக் கிடையாத உயிர்கள் அங்கே தோன்றி வளர்ந்தன. யானையோ, புலியோ, குரங்கோ அங்கு இயற்கையாக இல்லை. குரங்கின் தூரத்து உறவான லெமூர் என்னும் விலங்கு நூற்றுக்கு மேற்பட்ட இனங்களாக அங்கு வாழ்கின்றது. உலகிலுள்ள பச்சோந்தி இனங்களில் ஏறத்தாழப் பாதி அங்கேயே உள்ளன.

இவற்றைக் காணவே உல்லாசப் பயணிகள் அங்கு செல்கின்றனர். அவர்களில் பலர் செல்லும் பாதை, தலைநகர் அன்டனனரிவோவில் தொடங்கித் தென்மேற்குக் கரையிலுள்ள துலியார் நகரில் முடிகின்ற ஏழாம் இலக்கத் தேசிய வீதியாகும். நீளம் ஏறத்தாழ 950 கிலோமீற்றர். குளிர்ந்த மலைநாடு, மழைக்காடு, பாறைவெளி, முட்காடு, கடல் என ஐந்து உலகங்களை இவ்வீதி தொட்டுச் செல்கின்றது. விலங்குகளைக் காண்பதோடு நின்றுவிடாமல், கிராமங்களையும் நோக்கியபடி இப்பாதையில் செல்வோமாயின், கிராம அபிவிருத்தியில் ஈடுபட்டுள்ள எமக்கு அது ஒரு பாடசாலையாக அமையும். காடு அழியாமலும் காட்டோரத்து மனிதன் பட்டினி கிடவாமலும் இருப்பதற்கு வழி என்ன என்பதே அங்கு நாம் படிக்கக்கூடிய பாடம்.

சிவந்த மலைகளும் நெல்வயல்களும்

அன்டனனரிவோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீற்றர் உயரத்தில், குன்றுகளின் மேல் அமைந்த நகரம். குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் நெல் விளைகின்றது. அறுவடை முடிந்ததும் அதே வயலின் களிமண்ணை வெட்டிச் செங்கல் அரிவர். மலகாசி மக்களின் முன்னோரில் ஒரு பகுதியினர் ஆபிரிக்காவிலிருந்தும், மறு பகுதியினர் கடல் கடந்து போர்னியோ தீவுப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய மொழிக்கு மிக நெருங்கிய உறவுமொழி இன்றும் போர்னியோவிலேயே பேசப்படுகின்றது. நெல்லும் படிவயல் கட்டும் திறனும் ஆசியாவின் சொத்து. மாடே செல்வம் என்னும் எண்ணம் ஆபிரிக்காவின் சொத்து. இரண்டும் இங்கே ஒன்று கலந்துள்ளன.

சோறின்றி அவர்களுக்கு உணவு இல்லை. சாப்பிடுவதைக் குறிக்கவே 'சோறு உண்ணல்' என்றுதான் சொல்வார்கள். சோறு வடித்த பானையின் அடியில் தீய்ந்து பிடித்ததில் நீரூற்றிக் கொதிக்கவைத்து, அந்நீரையே உணவோடு பருகுவர். எமது ஊர்ப் பாட்டிமாருக்கு இது விளங்காத காரியமன்று.

நிலத்தை அவர்கள் 'முன்னோரின் மண்' என்பர். மலைநாட்டுக் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லறையைத் திறந்து, முன்னோரின் எலும்புகளுக்குப் புதிய பட்டுத்துணி சுற்றி, இசையோடும் விருந்தோடும் கொண்டாடுகின்றன. மண்ணோடு மனிதனுக்குள்ள உறவு சாவோடு முடிவதில்லை என்பது அவர்களின் உள்ளுணர்வு.

ஆயினும் வீதியின் இருமருங்கிலும் தெரியும் மலைகளில் பல மொட்டையானவை. மழை அறுத்த பெரும் பள்ளங்கள் செந்நிறப் புண்களைப்போல் அவற்றில் திறந்து கிடக்கின்றன. 1953ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரையான காலத்தில் மடகஸ்காரின் இயற்கைக் காடுகளில் 44 வீதம் அழிந்துபோயிற்று. ஏறத்தாழ மூன்று கோடி மக்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் வறுமையில் வாடுகின்றனர். இவ்விரு செய்திகளையும் நாம் பிரித்துப் பார்க்க முடியாது.

ஒற்றை நாற்றின் கதை

தலைநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 170 கிலோமீற்றர் சென்றால் அன்ட்சிராபே நகரம் வருகின்றது. மனிதர் இழுக்கும் வண்டிகளும் வெந்நீர் ஊற்றுகளும் பயணிகளைக் கவர்வன. ஆனால் நெல் விதைக்கும் எவரும் இங்கே நின்று அறியவேண்டிய வேறொரு செய்தி உண்டு.

1961இல் பிரான்சிலிருந்து வந்த ஹென்றி டி லொலானியே என்ற இயேசு சபைக் குரு, விவசாயம் கற்றவர். கமக்காரரின் வயல்களில் இறங்கி, அவர்களுடைய வழக்கங்களைப் பல ஆண்டுகள் உற்றுநோக்கினார். இளைஞர்களுக்கென ஒரு விவசாயப் பாடசாலையை அன்ட்சிராபேயில் நடத்தினார். 1983இல் மழை பிந்தியது. நெருக்கடியில், வழக்கத்திற்கு மாறாகப் பதினைந்து நாள் வயதுடைய இளநாற்றுகளை அங்கு நட்டனர். பிழைக்குமோ என ஐயுற்ற பயிர், எவரும் எதிர்பாராத அளவுக்குப் பக்கத்தண்டுகள் வெடித்துச் செழித்தது.

அதிலிருந்து உருவான முறையின் சாரம் எளிது. இளநாற்றை வேர் நோகாமல் எடுத்து, ஓரிடத்தில் ஒன்றாக நடவேண்டும். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுச் சதுரமாக நடவேண்டும். வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், நனைத்தும் காயவிட்டும் பாய்ச்சவேண்டும். உருளும் களைகருவியால் களையைக் கிளறி மண்ணுக்குக் காற்றூட்டவேண்டும். கூட்டெரு இடவேண்டும். விதையும் நீரும் குறைகின்றன. கவனமும் உழைப்பும் கூடுகின்றன. 1990இல் அவரும் மலகாசி நண்பர்களும் சேர்ந்து இம்முறையைப் பரப்ப ஒரு சங்கத்தை நிறுவினர். 'மனத்தைச் செம்மைப்படுத்தல்' என்பது அதன் பெயரின் பொருள். அவர் 1995இல் காலமானார். அவருடைய முறை பல நாடுகளுக்குச் சென்றது. 2000ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலும் சில கமக்காரர் அதனைச் செய்து பார்த்தனர். தமிழ்நாட்டில் அது 'திருந்திய நெல் சாகுபடி' எனப் பெயர் பெற்றது.

வெந்நீரும் மழைக்காடும்

தெற்கே மேலும் சென்று கிழக்குப் பக்கமாக ஒரு கிளைவீதியில் இறங்கினால் ரனோமஃபானா மழைக்காட்டை அடையலாம். இப்பெயரின் பொருள் 'வெந்நீர்'. எமது கன்னியாவை இது நினைவூட்டுகின்றது. பொன்னிற மூங்கில் லெமூர் என்னும் சிறு விலங்கு 1980களின் நடுப்பகுதியில் இங்கு கண்டறியப்பட்டது. ஏனைய உயிர்களைக் கொல்லக்கூடிய சயனைட் நஞ்சுள்ள மூங்கிற் குருத்தை அது தினமும் உண்டு வாழ்கின்றது. அதன் பொருட்டு 1991இல் இக்காடு தேசிய பூங்காவாக்கப்பட்டது.

இங்குதான் சிக்கல் எழுந்தது. காட்டோர மக்கள் தலைமுறை தலைமுறையாக மலைச்சரிவை வெட்டி எரித்து மேட்டுநெல் விதைத்து வந்தவர்கள். எமது சேனைப் பயிர்ச்செய்கை போன்றது அது. நிலம் நிறையவும் மக்கள் சிலராகவும் இருந்தவரை, எரித்த நிலம் ஓய்ந்து மீண்டும் காடாகியது. மக்கள் பெருக ஓய்வுக்காலம் குறுகியது; மண் செத்தது. பூங்காவின் எல்லை வந்ததும், அந்த நிலமும் கைவிட்டுப் போனது. 'உங்கள் லெமூருக்காக எங்கள் பானை காலியாகலாமா?' என்பதே காட்டோரத்தின் கேள்வியாயிற்று.

1990களின் நடுப்பகுதியில், ஒற்றை நாற்று முறை இந்தக் காட்டோரத்துத் தாழ்வயல்களுக்குக் கொண்டுவரப்பட்டது. வயலில் விளைச்சல் கூடினால் மலையை எரிக்கும் தேவை குறையும் என்பதே நோக்கம். ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 2 தொன், அதாவது ஏக்கருக்கு 40 புசல் அளவில் பெற்ற இடங்களில், 8 தொன் வரை கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய உயர்ந்த கணக்குகளை ஐயுற்ற விஞ்ஞானிகளும் உளர். அதைவிட முக்கியமானது, செய்து பார்த்த கமக்காரர் பலர் பின்னர் இம்முறையைக் கைவிட்டமையாகும். காரணம் சோம்பலன்று. வீட்டு அரிசி தீர்ந்துபோகும் மாதங்களிலேயே நடுகையும் களையெடுப்பும் வருகின்றன. ஏழைக் கமக்காரன் அந்நாட்களில் தன் வயலை விட்டு, அன்றைய சோற்றுக்காகப் பிறர் வயலில் கூலிக்குப் போகவேண்டியவனாகின்றான். நல்ல தொழில்நுட்பம் மட்டும் போதாது. அதைக் கையாளும் மனிதனுக்கு அறுவடை வரை உண்ணச் சோறு வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

ரனோமஃபானா உள்ளிட்ட கிழக்கு மழைக்காடுகளை யுனெஸ்கோ 2007இல் உலக மரபுரிமையாக ஏற்றது. 2009இன் அரசியல் குழப்பத்தைத் தொடர்ந்து கடத்தல்காரர் விலையுயர்ந்த மரங்களைக் கொள்ளையிட்டமையால், 2010இல் அவை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்பட்டியலிலிருந்து 2025இல் அவை நீக்கப்பட்டமை ஆறுதலான செய்தி.

கிராமமே காத்த காடு

மீண்டும் பிரதான வீதிக்கு வந்து தெற்கே சென்றால், மாட்டுச் சந்தைக்கும் காட்டுப் பட்டு நெசவுக்கும் பெயர்போன அம்பலவாவோ என்ற ஊர் வருகின்றது. அங்கிருந்து சிறிது தூரத்தில், வானளாவிய கருங்கற் பாறைகளின் அடியில் அன்ஜா என்னும் சிறு காடு உள்ளது. வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையமிட்ட லெமூர்கள் கூட்டங்கூட்டமாக அங்கு வெயில் காய்கின்றன.

இக்காட்டைக் காப்பது அரசன்று, ஊர்மக்களின் சங்கம். பாறைக் குகைகளில் முன்னோரின் கல்லறைகள் இருப்பதால் அவ்விடம் அவர்களுக்குப் புனிதமானது. லெமூரைக் கொல்வது விலக்கப்பட்ட செயல். இத்தகைய விலக்குகளை மலகாசி மக்கள் 'ஃபாடி' என்பர். கிராமங்கள் தம் சூழலிலுள்ள காட்டை ஒப்பந்தப்படி தாமே நிர்வகிக்க 1996இல் ஒரு சட்டம் இடமளித்தது. அன்ஜா மக்கள் ஒன்றுகூடி வழிகாட்டிகளைப் பயிற்றினர். பயணிகளின் கட்டணம் சங்கத்தின் கைக்கே வருகின்றது. பாடசாலை, மரநடுகை, மீன்குளம் முதலிய ஊர்த்தேவைகளுக்குச் செலவாகின்றது. 2012இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் 'பூமத்தியரேகைப் பரிசு' இவர்களுக்குக் கிடைத்தது.

முன்பே இருந்த விலக்கு, உரிமை தந்த சட்டம், கையில் வந்த வருமானம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தமையால்தான் இது நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தேசிய பூங்காக்களிலும் நுழைவுக் கட்டணத்தின் பாதியைச் சுற்றுக் கிராமங்களுக்கு வழங்கும் ஏற்பாடு 1990களில் தொடங்கியது. ஆயினும் கிராமம் இழந்த நிலத்திற்கு அது ஈடாகவில்லை. பங்கு கொடுப்பது ஒன்று. முடிவெடுக்கும் உரிமை கொடுப்பது வேறொன்று.

நீலக்கல்லும் நம்மவரும்

அப்பால் நிலம் விரிந்து புல்வெளியாகின்றது. மாடு மேய்க்கும் பாரா மக்களின் நாடு இது. மணற்பாறைகள் கோட்டைகளைப்போல் எழும் இசாலோ, 1962 முதல் தேசிய பூங்கா. அதனைக் கடந்ததும் இலாகாகா என்ற ஊர். சில குடிசைகளே இருந்த இவ்விடத்தில் 1998இல் நீலக்கற்கள் அகப்பட்டன. சொற்ப காலத்தில் பல்லாயிரம் பேர் மண்வெட்டியோடு வந்து குவிந்தனர். கல் வாங்க வந்தவர்களில் தாய்லாந்து வணிகரும், எமது நாட்டு வணிகரும் முக்கியமானோர். ஆழக்குழியில் உயிரைப் பணயம் வைத்து இறங்குபவனுக்குக் கிடைப்பது மிகச் சிறு பங்கு. கல் தீவைவிட்டு வெளியேறிப் பட்டை தீட்டப்பட்ட பின்னரே பெறுமதி ஏறுகின்றது. இரத்தினபுரியை அறிந்த எமக்கு இது புதிய கதையன்று. ஆனால் இங்கே வாங்குவோர் வரிசையில் நம்மவரும் நிற்பது சிந்திக்கத்தக்கது.

முட்காடும் கடலும்

துலியாரை நெருங்க மழை குன்றுகின்றது. இலைகுறைந்த முட்செடிகளும், நீரைத் தண்டில் சேமிக்கும் பருத்த மரங்களும் தோன்றுகின்றன. மன்னார் மக்கள் பெருக்கமரம் என அழைக்கும் மரத்தின் உறவினரும் அவற்றுள் உண்டு. மன்னாரிலுள்ளது ஆபிரிக்க இனம். உலகிலுள்ள எட்டு இனங்களில் ஆறு மடகஸ்காருக்கே உரியவை. வீதியோரத்தில் விறகுக்கரி மூடைகள் வரிசையாக விற்பனைக்கு நிற்கின்றன. நகரத்து அடுப்புக்காக இந்த முட்காடு எரிகின்றது.

கடற்கரையில் வேஸோ மீனவர் வாழ்கின்றனர். துலியாருக்கு வடக்கே அன்டவடுவாகா என்ற ஊரில், 2004இல் கணவாய் இனமான எட்டுக்கால் சாக்குக்கணவாய் பிடிக்கும் ஒரு திட்டைச் சில மாதங்கள் மூடிவைத்துப் பார்த்தனர். திறந்தபோது பெரிய கணவாய்கள் கிடைத்தன. அதைக் கண்ட அயற்கிராமங்களும் இணைந்து, தம் கடலைத் தாமே காக்கும் அமைப்பை 2006இல் உருவாக்கின. காத்திருந்தால் பலன் உண்டென்பதைக் கண்ணால் கண்ட பின் எவரும் அவர்களை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

பயணத்தின் முடிவில்

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020இல் வெளியிட்ட கணிப்பின்படி, 107 லெமூர் இனங்களில் 103 அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன. வேலியும் காவலாளியும் மட்டும் அவற்றைக் காப்பாற்றப் போவதில்லை. ஏழாம் இலக்க வீதி நமக்குக் காட்டுவது இதுவே: காட்டோரத்து வீட்டின் சோற்றுப் பானை நிறைந்து, காட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் அவ்வீட்டாருக்கு ஓர் ஆசனமும் இருக்கும்போதே காடு நிலைக்கின்றது. பயணி செலவிடும் பணம் காட்டைக் காக்கலாம். அது யாருடைய கைக்குப் போகின்றது என்பதைப் பொறுத்தது அது.

எமது நாட்டிலும் சரணாலயங்களின் எல்லையில் கிராமங்கள் உண்டு. யானைக்குப் பயிரைப் பறிகொடுப்போர் உண்டு. பயணிகளின் வாகனங்கள் எழுப்பும் புழுதி மட்டுமே மிஞ்சும் வீடுகளும் உண்டு. ஆகவே எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் பின்வருவனவற்றைக் கலந்துரையாடுவது பயனுடையது.

சிந்தனைக்கு:

1. எமது ஊரின் காடு, குளம், கடல் ஆகியவற்றைக் காத்த பழைய விலக்குகளும் வழக்கங்களும் எவை? அவற்றில் இன்றும் உயிரோடு இருப்பவை எவை?

2. எமது பிரதேசத்தைக் காண வருவோர் செலவிடும் பணத்தில் எமது ஊருக்கு வந்து சேர்வது எவ்வளவு? அதனைக் கூட்ட நாம் ஒன்றுசேர்ந்து செய்யக்கூடியது என்ன?

3. புதிய பயிர்முறை ஒன்றை அறிமுகப்படுத்தும்போது, அறுவடை வரை ஏழைக் குடும்பம் எதை உண்ணும் என்பதை நாம் முதலில் கேட்கின்றோமா?