எரிவாயுக் குழாய்: மிச்சம் யாருக்கு, ஆபத்து யாருக்கு?

புது தில்லி: நாட்டில் பயன்பாட்டில் உள்ள இயற்கை எரிவாயுக் குழாய்களின் மொத்த நீளம் சுமார் 25,000 கி.மீட்டரை எட்டியுள்ளது. வயல்வெளிகள், தோப்புகள், ஊர் எல்லைகள் எனப் பூமிக்கு அடியில் செல்லும் இக் குழாய்களின் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவிடுவது என்பதை முடிவு செய்வது யார்? அம் முடிவு தவறானால் அதற்கு விலை கொடுப்பது யார்? ஆந்திர மாநிலத்தில் 2014-ம் ஆண்டு நிகழ்ந்த விபத்து எழுப்பிய கேள்விகள் இவை.

கோதாவரிப் படுகையில், அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள கிராமத்தின் பெயர் நகரம். அதன் அருகே உள்ள தாட்டிபாகாவிலிருந்து விஜயவாடாவை அடுத்த கொண்டபள்ளியில் உள்ள மின் நிலையத்துக்கு எரிவாயு கொண்டு சென்றது, கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய். 2014 ஜூன் 27-ம் தேதி அதிகாலை அக் குழாயிலிருந்து கசிந்த வாயு ஊருக்குள் பரவியிருந்தது. டீக்கடையில் அடுப்பு பற்றவைத்தபோது தீப்பிடித்ததாக அப்போது கூறப்பட்டது. உறங்கிக் கொண்டிருந்தவர்கள் உள்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாயுக் கசிவு குறித்து முன்பே புகார் தெரிவித்ததாகக் கிராம மக்கள் கூறினர்.

நிறுவப்படாத நிலையம்

பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த விசாரணைக் குழு கண்டறிந்த காரணம் எளிமையானது. உலர்ந்த வாயுவுக்காக அமைக்கப்பட்ட குழாயில் ஈரம் கலந்த வாயு அனுப்பப்பட்டு வந்தது. ஈரத்தை நீக்கும் நிலையம் நிறுவப்படவே இல்லை.

கிணற்றிலிருந்து வெளிவரும் வாயுவுடன் நீரும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் அமிலத்தன்மை உண்டாகும். குழாயின் தாழ்வான பகுதிகளில் தேங்கும் அந்த நீர், இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். மண்ணின் அரிப்பைத் தடுக்க வெளியே பூசப்படும் பூச்சும், செலுத்தப்படும் மின்னோட்டமும் உட்புறத்தைக் காப்பதில்லை. சுவரின் கனம் குறைந்துள்ள இடங்களைக் கண்டறிய, 'பிக்' எனப்படும் கருவியைக் குழாய்க்குள் செலுத்திச் சோதிக்க வேண்டும். அக் கருவி சென்றுவர இயலாத பழைய குழாய்களை மாற்றியமைக்கப் பெருந்தொகை தேவைப்படும். சோதனையின்போது விநியோகம் குறைந்தால் அதனால் ஏற்படும் இழப்பு தனி.

இச் செலவுகள் அனைத்தும் நிறுவனத்தின் கணக்கில் அந்தந்த ஆண்டே பதிவாகின்றன. அவற்றைத் தள்ளிப்போடுவதால் கூடும் ஆபத்து எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை. குழாய்க்கு அருகில் வசிப்பவர்களே அதைச் சுமக்கின்றனர்.

விதிகள் இல்லாமல் இல்லை

2006-ம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்ட பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், குழாய்களுக்கான தொழில்நுட்ப, பாதுகாப்புத் தரங்களை 2009-ல் வெளியிட்டது. குழாய்களின் உறுதியைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கான விதிகள் 2012-ல் வந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே நகரம் கிராமத்தில் குழாய் வெடித்தது.

குழாயின் இருபுறமும் உள்ள கட்டடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அப் பகுதி நான்கு வகைகளில் ஒன்றாகப் பிரிக்கப்படுகிறது. மக்கள் நெருக்கம் மிகுந்த நான்காம் வகைப் பகுதியில், ஆள் நடமாட்டம் குறைந்த முதல் வகைப் பகுதியில் இருப்பதைப்போல ஏறத்தாழ 1.8 மடங்கு கனமுள்ள சுவர் தேவை. கனம் கூடினால் எஃகும் கூடும், செலவும் கூடும். ஆனால், குழாயைப் புதைத்த பின்னரும் ஊர்கள் வளர்கின்றன. வயலாக இருந்த இடம் குடியிருப்பாகும்போது வகைப்பாட்டை மறுஆய்வு செய்து, அழுத்தத்தைக் குறைப்பதா, குழாயை மாற்றுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். இரண்டுமே வருவாயைப் பாதிப்பவை.

நிலத்தின் விலை

1962-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குழாய் செல்லும் நிலத்தின் பயன்பாட்டு உரிமையை மட்டுமே அரசு எடுத்துக்கொள்கிறது. அதற்கான இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அந்த நிலத்தில் வீடு கட்டவோ, கிணறு தோண்டவோ, மரம் வளர்க்கவோ உரிமையாளருக்கு அனுமதியில்லை.

கொச்சியிலிருந்து பெங்களூருக்குத் தமிழகத்தின் ஏழு மேற்கு மாவட்டங்கள் வழியாகக் குழாய் அமைக்க கெயில் முற்பட்டபோது விவசாயிகள் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுமாறு தமிழக அரசு 2013-ல் வலியுறுத்தியது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பாதை குறித்த வழக்கு முடிந்தது. ஆனால், ஆபத்தின் அளவைப் பற்றி நிலத்துக்கு உரியவர்களிடம் யார் விளக்குவது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

அபராதம் மாற்றும் கணக்கு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் புரூனோவில், 1956-ல் புதைக்கப்பட்ட எரிவாயுக் குழாய் 2010 செப்டம்பரில் வெடித்து 8 பேர் உயிரிழந்தனர். அம் மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2015-ல் அந்த நிறுவனத்துக்கு 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதில் 85 கோடி டாலரைக் குழாய்ப் பாதுகாப்புப் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்றும், அதைப் பங்குதாரர்களே ஏற்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. பராமரிப்பைத் தள்ளிப்போடுவதைவிட மேற்கொள்வதே மலிவு என்ற நிலை அதனால் உருவாயிற்று.

நகரம் விபத்தில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு தலா ரூ. 20 லட்சம் வழங்குவதாக கெயில் அறிவித்தது. இழப்பீடு தேவைதான், ஆனால், அது விபத்துக்குப் பின் தரப்படுவது.

இந்தியாவில் குழாய்க் கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை வாரியமே. முதலீட்டின் மீது வரி போக 12 சதவீத வருவாயை அனுமதித்தே அக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. ஆகவே, பாதுகாப்புக்கான நியாயமான செலவை நுகர்வோர் அனைவரிடமும் சிறு தொகையாகப் பகிர்ந்தளிக்க வழி உண்டு. அவ்வாறு அனுமதிக்கப்படும் செலவு உரிய பணிக்கே செலவிடப்பட்டதா, எந்தக் குழாய் எப்போது உள்ளிருந்து சோதிக்கப்பட்டது, எத்தனை கசிவுகள் பதிவாயின என்பதை வாரியம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குழாய் செல்லும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் அவ் விவரம் அந்தந்த மாநில மொழியில் கிடைக்க வேண்டும். கசிவு பற்றி ஊர் மக்கள் தரும் புகாருக்கு எழுத்துப்பூர்வமான பதிலும் அதற்குக் காலக்கெடுவும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவே.