விதிகள் அனைவர்க்கும் பொது

மாணவர்களே!

உங்களுள் பலர், பெற்றோரின் பணி மாறுதலால் ஊர் விட்டு ஊர் வந்து இப்பள்ளியில் சேர்ந்தவர்கள். புதிய பள்ளியின் முதல் நாளில், பாடநூலைத் திறக்கும் முன்பே நம் மனத்தில் சில வினாக்கள் எழும். இங்கே எப்போது எழுந்து நிற்க வேண்டும்? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஐயம் தோன்றினால் உடனே கேட்கலாமா? இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்கும் பள்ளியில் புதியவரும் அச்சமின்றிப் படிப்பர். விடை கிடைக்காத பள்ளியில், செய்தது தவறு என்பதே தண்டனை பெற்ற பின்னர்தான் தெரியவரும்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் தமிழ் வகுப்பறையில், "வகுப்பில் ஒழுங்காக இருக்க வேண்டும்" என்று எழுதிய பலகை ஒன்று தொங்கியது. அதை எழுதி மாட்டியவன் நானே. ஆகஸ்டு மாதத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்த மாணவன் ஒருவன், நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த மாணவியிடம் பேசினான். நான் சினங்கொண்டு அவனை வெளியே நிற்கச் செய்தேன். காரணம் கேட்கவில்லை.

பாடவேளை முடிந்ததும் அம்மாணவி என்னிடம் வந்தாள். "ஐயா, எனக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியவில்லை. அவன்தான் மெதுவாகப் படித்துக் காட்டினான்" என்றாள். அவனை அழைத்துக் கேட்டேன். "நான் முன்பு படித்த பள்ளியில், படிக்கத் தெரியாதவர்க்குப் பக்கத்தில் இருப்பவர் உதவ வேண்டும் என்பார்கள், ஐயா. இங்கே அது தவறு என்று எனக்குத் தெரியாது" என்றான்.

ஒரு பள்ளியில் கடமையாக இருந்தது, மற்றொரு பள்ளியில் குற்றமாகிவிட்டது. 'ஒழுங்காக' என்னும் சொல்லுக்கு நான் ஒரு பொருள் கொண்டிருந்தேன். அவன் வேறொரு பொருள் கொண்டிருந்தான். பலகையோ இரண்டையும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பினர் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன், பலகையையும் கழற்றினேன்.

தெளிவான விதி எது?

தெளிவான விதி, செய்ய வேண்டிய செயலைச் சொல்லும். 'ஒழுங்காக இரு', 'நல்ல பிள்ளையாக நட' என்பன அறிவுரைகளே, விதிகள் அல்ல. 'ஐயம் தோன்றினால் கையை உயர்த்துக' என்பது விதி. அதைக் கேட்டவர் அனைவரும் ஒரே பொருளைக் கொள்வர்.

தெளிவான விதிக்குக் காரணமும் உண்டு. 'மாடிப்படியில் இடப்பக்கமாகச் செல்க' என்று மட்டும் சொன்னால், ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் அதைப் பின்பற்றுவோம். மணி அடித்ததும் மேலிருந்து ஒரு வகுப்பும் கீழிருந்து ஒரு வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தால் சிறுவர் விழுந்து அடிபடுவர் என்று விளக்கினால், யாரும் பார்க்காதபோதும் பின்பற்றுவோம்.

விதியை மீறினால் என்ன நேரும் என்பதும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். விதிகள் நினைவில் நிற்கும் அளவுக்குச் சிலவாகவே இருத்தல் நன்று. ஆண்டின் இடையில் சேர்பவர்க்கு அவற்றை மீண்டும் ஒருமுறை எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் இலக்கணம்

விதிகள் மாணவர்க்கு மட்டும் உரியனவா? ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இதற்குத் தன் பாயிரப் பகுதியிலேயே விடை கூறுகிறது. மாணாக்கரின் இலக்கணத்தைச் சொல்லும் முன்பு, ஆசிரியரின் இலக்கணத்தை அது சொல்கிறது. யார் நல்லாசிரியர் என்பதோடு, யார் ஆசிரியர் ஆகத் தகாதவர் என்றும் கூறுகிறது. பாடம் சொல்பவர் விரைவு கொள்ளலாகாது, சினம் கொள்ளலாகாது, முகமலர்ச்சியோடு, கேட்பவரின் அறிவுத் திறத்தை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது அந்நூலின் கருத்து.

மாணாக்கர் உரிய காலத்தில் வருதலும், கேட்டதை மறவாது உள்ளத்தில் வைத்தலும் வேண்டும் என்கிறது நன்னூல். உடன் கற்பவரோடு சேர்ந்து பயிலுதல், வினாவுதல், வினாவுக்கு விடை கூறுதல் ஆகியவற்றையும் கற்கும் முறைகளாக அது காட்டுகிறது. அம்மாணவன் செய்தது இதுவே. நன்னூலைக் கற்றுத் தேர்வும் எழுதிய நான், அன்று அதை மறந்து விரைவும் சினமும் கொண்டேன்.

இன்றைய சட்டமும் இதே வழியில் செல்கிறது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், குழந்தையை உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆசிரியர் தவறாமல் குறித்த நேரத்தில் பள்ளிக்கு வருதல், பாடங்களை உரிய காலத்தில் முடித்தல், பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் முன்னேற்றத்தை எடுத்துரைத்தல் ஆகியவற்றைக் கடமைகளாக வகுத்துள்ளது.

எங்கள் வகுப்பின் புதிய பலகை

பழைய பலகை இருந்த இடத்தில், மாணவர்களும் நானும் கலந்து பேசிப் புதிய பலகை ஒன்றை எழுதினோம்.

மாணவர்க்கு:
1. ஆசிரியரோ மாணவரோ பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும்.
2. ஐயம் தோன்றினால் கையை உயர்த்த வேண்டும்.
3. எழுதும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர்க்கு மெல்லிய குரலில் உதவலாம்.

ஆசிரியர்க்கு:
1. மணி அடித்ததும் வகுப்பில் இருக்க வேண்டும்.
2. எவரையும் கண்டிக்கும் முன் காரணம் கேட்க வேண்டும்.
3. எவரையும் பிறர் முன்னிலையில் இழிவாகப் பேசக் கூடாது.

ஆசிரியர்க்கு உரிய இரண்டாம் விதியைச் சொன்னவன், அன்று வெளியே நின்ற அம்மாணவனே. பின்னர் ஒரு நாள், வீட்டுப்பாடம் எழுதாத ஒருத்தியை நான் கடிந்துகொள்ளத் தொடங்கியபோது, அவன் எதுவும் பேசாமல் பலகையைச் சுட்டிக்காட்டினான். நான் நிறுத்திக் காரணம் கேட்டேன். அவளுடைய தாயார் மருத்துவமனையில் இருந்தார்.

நூலகர், அலுவலகப் பணியாளர், வாயிற்காவலர் ஆகியோரும் பள்ளியைச் சேர்ந்தவர்களே. அவர்களிடம் நாம் மரியாதையாகப் பேச வேண்டும்; அவர்களும் நம்மிடம் அவ்வாறே பேச வேண்டும். அனைவர்க்கும் பொதுவான விதியே மதிக்கப்படும் விதி.

சொற்பொருள்

பாயிரம் – நூலின் முகவுரை
இலக்கணம் – இயல்பு, தன்மை
மாணாக்கர் – மாணவர்
கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்

பயிற்சி

1. 'ஒழுங்காக இரு' என்பது ஏன் தெளிவான விதி ஆகாது?
2. பாடம் சொல்பவர் எவ்வாறு இருக்க வேண்டும் என்று நன்னூல் கூறுகிறது?
3. மாணவன் பலகையைச் சுட்டிக்காட்டியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் வகுப்புக்குத் தேவையான விதிகளாக மாணவர்க்கு இரண்டும் ஆசிரியர்க்கு ஒன்றும் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக.
5. உம் தாய், தந்தை அல்லது தாத்தா, பாட்டி படித்த பள்ளியில் இருந்த விதி ஒன்றைக் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் கூறுக.