மின்சார மோட்டாரில் மலைப் பிரயாணம்

கூடலூரிலிருந்து சற்றுத் தள்ளி, முதுமலைக் காட்டை ஒட்டினாற்போல் ஸ்ரீமதுரை என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு, மீனாட்சி அம்மன் கோயிலைத் தேடிக்கொண்டு யாரும் இங்கே வந்துவிட வேண்டாம். இங்கே உள்ளவை வயல்களும், தேயிலைத் தோட்டங்களும், அழையாமல் வரும் யானைகளுமே. இவ்வூரில் குடியிருக்கும் நான் ஒரு மின்சார மோட்டார் வண்டி வாங்கியபோது, "பிளக்கை நம்பி மலையில் வண்டி வாங்குவார்களா?" என்று கேட்காத நண்பர் இல்லை. ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு பதில் எழுதுகிறேன்.

வண்டி, மஹீந்திரா கம்பெனியாரின் 'எக்ஸ்.இ.வி. 9இ'. 2024-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி சென்னையில் இதை முதல்முதலாக வெளியிட்டார்கள். புனேக்கு அருகில் சாகன் என்னும் இடத்தில் தயாராகிறது. நம் தேசத்து வண்டி என்று பெருமைப்படலாம். ஆனால் பாட்டரியின் செல்கள் அயல்நாட்டுச் சரக்கு. அந்தக் குறையும் தீர்ந்தால்தான் சுதேசிப் பெருமை பூர்த்தியாகும்.

பெரிய பாட்டரியில் 79 யூனிட் மின்சாரம் கொள்ளும். மோட்டாரின் சக்தி 286 குதிரை. நின்ற நிலையிலிருந்து 6.8 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்கிறார்கள். வளைவுக்கு மேல் வளைவாக உள்ள நமது மலைப்பாதையில் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முன்னால் தேயிலை லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறும்போது, நேரான சிறு துண்டுப் பாதை கிடைத்தால் சட்டென்று தாண்டிப் போகலாம். அவ்வளவே. உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் சாதாரணப் பெட்ரோல் இஞ்சின் களைத்துப் போகும். மின்சார மோட்டாருக்கோ மூச்சு விடக் காற்றே வேண்டாம்!

சத்தமும் இல்லை. "ஏண்டா, வண்டி கிளம்பிவிட்டதா?" என்று என் தாயார் முதல் நாள் கேட்டார். ஆனால் காட்டோரத்தில் இந்த மௌனம் ஆபத்து. நாம் வருவது யானைக்குத் தெரியாது. திருப்பத்தில் திடீரென்று எதிர்ப்பட்டால் அதுவும் மிரளும், நாமும் மிரளுவோம். அங்கே நிதானமாகப் போவதே உத்தமம்.

இனி, கணக்கைப் பார்ப்போம். எங்கள் ஊரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக உதகமண்டலத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏற்றம் சுமார் 1,200 மீட்டர். குடும்பத்தோடு வண்டியின் எடை இரண்டரை டன் என்று கொண்டால், அதை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 8 யூனிட் தேவை. பாதை ஓட்டத்தையும் சேர்த்தால் 16, 17 யூனிட் ஆகிவிடுகிறது. திரும்பி இறங்கும்போதோ 2 அல்லது 3 யூனிட்தான் செலவு. காரணம், இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகிறது. பைக்காராவில் 1932 முதல் மலையிலிருந்து விழும் தண்ணீர் செய்து வரும் வேலையை இங்கே வண்டியின் எடை செய்கிறது! ஆனால் உதகையில் பாட்டரியை முழுதும் நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் பிடிக்க முடியாதல்லவா? பிறகு பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.

இந்தக் கணக்கின் அருமை சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு விளங்கிற்று. பேய்மழை. மரம் சாய்ந்து முதல் நாளே மின்சாரம் போய்விட்டது. ஓர் இரவில் நிரம்பக்கூடிய பாட்டரியை, "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தேன்; ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. அன்று என் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. அருகிலிருந்த வைத்தியர் முதல் சிகிச்சை செய்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள்" என்றார். இருந்தது 16 யூனிட். உதகைக்கு வேண்டியதும் 16, 17 யூனிட்! நடுவழியில், மழையில், நோயாளியோடு நின்றுவிட்டால்?

என் மனைவிதான் யோசனை சொன்னாள்: "ஏறினால்தானே செலவு? கீழே இறங்கிப் போனால் என்ன?" நாடுகாணி வழியாக நிலம்பூர்ப் பக்கம் இறங்கினோம். மலையடிவாரம் சேர்ந்தபோது பாட்டரியில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. சமவெளியிலே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடியற்காலையில் தாயார் சிரமமின்றி மூச்சு விட்டார்.

குற்றம் வண்டியினுடையதல்ல, என்னுடையது. அன்று முதல் மழைக்காலத்தில் பாட்டரி பாதிக்குக் கீழே இறங்குவதற்கு எங்கள் வீட்டில் அனுமதி இல்லை. மலைநாட்டில் மின்சார வண்டி வாங்கலாமா என்று கேட்கும் நேயர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள். விற்பவர் கிலோமீட்டர்க் கணக்கு மட்டும் சொல்வார். நீங்கள் மீட்டர்க் கணக்கையும், அதாவது ஏற்றத்தின் உயரத்தையும், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தாயார் இப்போது தினமும் மாலையில் கேட்கும் கேள்வி வேறு: "ஏண்டா, வண்டிக்குச் சாப்பாடு போட்டாயா?"